தண்ணீர் தெளிவாக இருக்கிறது, டிடிஎஸ்ஸும் குறைவு, கொதிக்கவும் வைக்கிறோம்: அப்புறமும் பயப்பட வேண்டுமா?

கேட்டவரின் கேள்வி இதுதான்: "கட்டி நாற்பது வருடத்துக்கு மேலான வீட்டில் குடியிருக்கிறோம். குழாயில் வரும் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, வாடை இல்லை, டிடிஎஸ் மீட்டரில் 140 காட்டுகிறது. கொதிக்க வைத்து ஆறவைத்துத்தான் குடிக்கிறோம், மூன்று மாதக் குழந்தைக்குப் பால்பவுடர் கலக்குவதும் அதில்தான். மைத்துனர், குழாய்த் தண்ணீர் முழுக்க கெமிக்கல், புற்றுநோய் வரும், உடனே மெஷின் வாங்கு என்கிறார். உண்மையா, மிகைப்படுத்துகிறாரா?"

தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மைத்துனர் சொல்வது மிகைதான். ஆனால் நீங்கள் தைரியத்துக்காக வைத்திருக்கும் மூன்று விஷயங்களும், அதாவது தெளிவு, மீட்டர் எண், கொதிக்க வைப்பது, இரசாயன மாசைப் பொறுத்தவரை ஒரு பதிலும் தராதவை. குழந்தை மூன்று மாதம் என்பதால் இதை ஒருமுறை சரியாகப் பார்த்துவிடுவது நல்லது என்று நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த மீட்டரைப் பார்ப்போம், ஏனென்றால் இன்று வீட்டுக்கு வீடு மக்களை ஏமாற்றுவது அதுதான். டிடிஎஸ் என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு வகைகள் கரைந்திருக்கின்றன என்ற கணக்கு, ஆனால் மீட்டர் எதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளந்து, அதை ஒரு பெருக்கலால் உப்பின் அளவாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். உங்கள் 140 என்பது பெரும்பாலும் கால்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட், குளோரைடு இவற்றின் கூட்டுத்தொகை. இப்போது ஈயத்தைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், அந்தத் தொட்டி முழுக்கச் சேர்த்து 10 மில்லிகிராம், ஓர் அரிசியின் எடையில் பாதி. மீட்டர் காட்டக்கூடிய மிகச்சிறிய மாற்றமே லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது ஈயத்தின் வரம்பைப் போல நூறு மடங்கு. வரம்பைத் தாண்டிப் பத்து மடங்கு ஈயம் கரைந்திருந்தாலும் உங்கள் மீட்டர் அதே 140-ஐத்தான் காட்டிக்கொண்டிருக்கும். ஆர்செனிக்கும் அப்படியே. எண் 900 காட்டும் தண்ணீர் வெறும் உப்புச்சுவையோடு முடிந்துபோகலாம், 140 காட்டும் தண்ணீரில் ஈயம் இருக்கலாம். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கண்ணும் நாக்கும் கூட இந்த வேலைக்கு உதவாது. ஈயம், ஆர்செனிக், நைட்ரேட், ஃபுளோரைடு இவை உடம்பைக் கெடுக்கும் அளவுகளில் நிறமோ வாடையோ சுவையோ தராது. மறுபக்கம், நம்மை முகம் சுளிக்க வைக்கிற பல விஷயங்கள் அவ்வளவு ஆபத்தில்லாதவை: பாத்திரத்தில் படியும் வெள்ளை உப்பு கால்சியம்தான், அதைக் குடித்தால் கெடுதல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை, பக்கெட்டில் ஏறும் செங்காவிக் கறை இரும்பு. பரிசோதனைக்கூடத்துக்குப் பதறிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்காகத்தான் வருவார்கள். நிஜமாகவே கவலைப்பட வேண்டிய தண்ணீர் எதையும் காட்டிக்கொள்ளாமல் ஒரு பாட்டிலில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். கறைகளில் கவனிக்க வேண்டியது என்றால், குழாயடியில் நீலப்பச்சையாகப் படிவது. அது செம்பு. தண்ணீர் உலோகத்தை அரிக்கிற குணத்தோடு வருகிறது என்பதற்கு அது அடையாளம், அப்படிப்பட்ட தண்ணீர் ஈயத்தையும் விட்டுவைக்காது.

சரி, கொதிக்க வைப்பது. கிருமிகளுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது, அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் உலோகமும் உப்பும் ஆவியாகிப் போவதில்லை. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். இதில் குழந்தைக்கு நேரடியாகப் பொருந்துவது நைட்ரேட். உரம், சாணம், கழிவுநீர்த் தொட்டியின் கசிவு இவற்றிலிருந்து நிலத்தடி நீருக்குள் இறங்குவது அது. பிறந்து சில மாதமே ஆன குழந்தையின் குடலில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும், அது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடும். பெரியவர்களிடம் அதைச் சரிசெய்யும் நொதி போதுமான அளவு இருக்கிறது, பச்சிளம் குழந்தையிடம் குறைவு. உதடும் நகமும் நீலம் பூக்கும், இரத்தம் சாக்லெட் நிறத்துக்குப் போகும். 1945-இல் அமெரிக்காவின் ஐயோவாவில் கோம்லி என்ற மருத்துவர் இப்படி இரண்டு குழந்தைகளைப் பார்த்து, காரணம் பால் கலக்கிய கிணற்றுத் தண்ணீர் என்று கண்டுபிடித்து எழுதினார். இன்றைக்கும் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை, பால்பவுடர் குடிக்கும் குழந்தையைக் காப்பாற்றுவதற்காக வந்ததுதான். உங்கள் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறதா, பெரிய சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கிணறு என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். குழந்தைக்கு உதடு நீலமாகத் தெரிந்தால் தண்ணீர்ப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வீடு நாற்பது வருடம் பழையது என்று எழுதியிருக்கிறீர்களே, என் கவனம் முழுக்க அங்கேதான் போனது. பலரும் நினைப்பது, மாசு என்றால் எங்கோ ஒரு ஆலை ஆற்றில் கொட்டுவது, அது குழாய் வழியாக நம் வீட்டுக்கு வருவது என்று. ஈயத்தின் கதை வேறு. சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுப் புறப்படும்போது தண்ணீரில் ஈயம் அநேகமாக இருக்காது. கடைசிச் சில மீட்டரில், தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு இழுத்த இணைப்பில், செம்புக் குழாய்களை ஒட்டிய பற்றவைப்பில், பித்தளை வால்விலும் குழாயிலும்தான் அது சேர்கிறது. பற்றவைப்புக்கு ஈயமும் வெள்ளீயமும் பாதிக்குப் பாதி கலந்த கலவையைப் பல நாடுகளில் 1980-கள் வரைக்கும் பயன்படுத்தினார்கள். அமெரிக்கச் சட்டத்தில் 2014 தொடக்கம் வரை, 8 சதவீதம் ஈயம் கலந்த பித்தளையைக்கூட 'ஈயமற்றது' என்று விற்க முடிந்தது. அதன் பிறகுதான் 0.25 சதவீதமாக இறக்கினார்கள். துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய்களில் பூச்சிலேயே ஈயம் கலந்திருக்கும், சில பிவிசி குழாய்களிலும் பிளாஸ்டிக் சிதையாமல் இருக்க ஈய உப்பைச் சேர்ப்பது உண்டு.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஃபிளிண்ட் நகரத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே நடந்தது நீரின் வேதியியல் பற்றியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் குடிநீருக்கு ஃபிளிண்ட் ஆற்றை எடுத்தார்கள். அந்தத் தண்ணீர் உலோகத்தை அதிகம் அரிக்கும் வகை. வழக்கமாக இப்படிப்பட்ட தண்ணீரில் கொஞ்சம் பாஸ்பேட் சேர்ப்பார்கள், அது குழாயின் உள்சுவரில் மெல்லிய படலமாகப் படிந்து ஈயத்தைத் தண்ணீரிலிருந்து பிரித்து வைக்கும். ஃபிளிண்டில் அதைச் சேர்க்கவில்லை. பல ஆண்டுகளாகப் படிந்திருந்த படலம் கரைய ஆரம்பித்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே அங்கிருந்த கார் என்ஜின் தொழிற்சாலை, பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டு வேறு ஊர்த் தண்ணீருக்கு மாறிக்கொண்டது. மக்கள் இன்னும் ஒரு வருடம் குடித்தார்கள். 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா அத்திஷா என்ற குழந்தை மருத்துவர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இரத்தத்தில் ஈயம் கூடியவர்களின் பங்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கிறது என்று மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்துக் காட்டிய பிறகுதான் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். என்ஜின் துருப்பிடித்தது தெரிய ஆறு மாதம், குழந்தைகள் பாதிக்கப்பட்டது தெரிய பதினேழு மாதம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நடந்தது அதைவிட நுணுக்கம். 2000-ஆம் ஆண்டில் கிருமியைக் கொல்லக் குளோரினுக்குப் பதிலாக, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைனுக்கு மாறினார்கள், நல்ல எண்ணத்தில்தான், குளோரினால் உண்டாகும் துணைப்பொருட்களைக் குறைக்க. ஆனால் குளோரின் இருந்தவரை ஈயக் குழாயின் உட்புறத்தில் ஈய டைஆக்ஸைடு என்ற கெட்டியான படிவு நிலைத்திருந்தது. குளோரமைனில் அது நிற்கவில்லை. 2004-இல் செய்தி வெளிவரும் வரை ஆயிரக்கணக்கான வீடுகளில் ஈயம் ஏறியிருந்தது ஊருக்குத் தெரியாது. தண்ணீரின் குணம் கொஞ்சம் மாறினாலே பழைய குழாய் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பத்து வருடத்துக்கு முன்னால் பரிசோதித்து நன்றாக இருந்தது என்பது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது.

ஈயத்துக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பது, அது குழந்தையை எப்படிப் பிடிக்கிறது என்பதால். உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து உள்ளே விடுகிறது. பெரியவர் விழுங்கியதில் பத்தில் ஒரு பங்கு போல உறிஞ்சப்பட்டால், சிறு குழந்தையில் அது பாதி வரை போகும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தையில் இன்னும் கூடும். வளரும் மூளையில் நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வேலையை அது கெடுக்கிறது. கவனம், படிப்பு, அறிவுத்திறன் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், காய்ச்சல் மாதிரி வெளியே தெரிகிற அறிகுறி எதுவும் இருக்காது. மிச்சம் எலும்பில் போய்ப் பல பத்தாண்டுகள் தங்கிவிடும். பெண் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து கால்சியம் கரைகிறதல்லவா, அதோடு பழைய ஈயமும் வெளியே வந்து கருவுக்குப் போகும். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம், சிறுநீரகம். இவ்வளவுக்குக் கீழே இருந்தால் பாதிப்பே இல்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் ஈயத்துக்குத் தெரியவில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற எண், நடைமுறையில் எட்டக்கூடியது என்று வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2036-க்குள் அதை 5 ஆக்கச் சொல்லியிருக்கிறது. பால்பவுடர் குடிக்கும் குழந்தைக்கு உடம்பில் சேரும் மொத்த ஈயத்தில் 40 முதல் 60 சதவீதம் வரை தண்ணீரிலிருந்து வரக்கூடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கு. அந்தக் குழந்தைக்குச் சாப்பாடே தண்ணீர்தான் என்பதால் அப்படி.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பழைய வீட்டில் இருந்த ஒருவர் பகலில் ஒரு பாட்டில் பிடித்துக் கொண்டுவந்தார், ஈயம் கண்டறியும் அளவுக்கும் கீழே. மனைவி கர்ப்பமாக இருந்ததால் அவருக்கு மனசு சமாதானமாகவில்லை. இரவு முழுக்கக் குழாயைத் திறக்காமல் வைத்துவிட்டு, காலையில் கையைக்கூடக் கழுவாமல் முதலில் வரும் ஒரு லிட்டரை அப்படியே பிடித்து வாருங்கள் என்றேன். அது வரம்பைப் போலப் பல மடங்கு இருந்தது. அதே குழாய், அதே வீடு. பிறகு அவர் குழாய் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றி ஒரு வெள்ளைத்தாளில் தட்டிக் காட்டினார், துருத்துணுக்குகளோடு சாம்பல் நிறத்தில் ஊசிமுனையளவு துகள்கள் நாலைந்து. ஒன்றை நகத்தால் அழுத்தினால் நசுங்கியது. பற்றவைப்பிலிருந்து உதிர்ந்து வந்து அங்கே மாட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர் அதன்மேல் ஏறித்தான் தினமும் வந்திருக்கிறது. பகலில் ஒரு பாட்டில் மட்டும் பிடித்துப் பார்த்திருந்தால் அவர் நிம்மதியாகக் குடித்துக்கொண்டே இருந்திருப்பார்.

நிலத்திலிருந்து வருவதில் பெரிய எதிரி ஆர்செனிக். யாரும் கொட்டாமலே, பாறையிலும் வண்டலிலும் இயற்கையாக இருப்பது தண்ணீரில் கரைந்து வருகிறது. வங்கதேசத்தில் குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்ததால் 1970-களில் லட்சக்கணக்கில் அடிபம்புகள் போட்டார்கள். கிருமிக்கு அது சரியான வழிதான். ஆர்செனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை, 1993-இல்தான் அது உறுதியானது. உள்ளங்கை, உள்ளங்காலில் தோல் காய்த்துப்போவது, மழைத்துளி சிதறின மாதிரி உடம்பெல்லாம் புள்ளி, அப்புறம் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள். 12.5 கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடி பேர் வரை இந்த அபாயத்தில் இருக்கிறார்கள் என்று 2000-இல் கணக்கிட்டார்கள். ஆபத்தான பம்புக்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை என்று பெயிண்ட் அடித்தது அதற்குப் பிறகு வந்த எளிய ஏற்பாடு.

ஆர்செனிக்கைப் பற்றி என்னை அதிகம் யோசிக்க வைத்தது சிலி நாட்டின் அந்தோஃபகஸ்தா. 1958-இல் அந்த ஊருக்கு மலை ஆற்றிலிருந்து புதிதாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், அதில் லிட்டருக்கு 860 மைக்ரோகிராம் போல ஆர்செனிக். இன்றைய வரம்பு 10. சுத்திகரிப்பு நிலையம் 1970-இல் வந்தபின் அளவு சரசரவென்று இறங்கிவிட்டது. ஆனால் அந்தப் பன்னிரண்டு வருடம் குடித்தவர்களிடம் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அதிகமாக இருப்பது, மாசு நின்று நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஆய்வுகளில் தெரிந்தது. கருவிலும் குழந்தைப்பருவத்திலும் குடித்தவர்களுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம். 'நாங்கள் இருபது வருடமாகக் குடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை' என்று யாராவது சொன்னால் இந்த ஊர்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

ஃபுளோரைடு, மாங்கனீசு, யுரேனியம் இவையும் நிலத்தடி நீரில்தான் வரும், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஃபுளோரைடு கொஞ்சம் இருந்தால் பல்லுக்கு நல்லது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் வளரும் பல்லில் கறை விழும், அதைவிடப் பல மடங்கு கூடிய நீரைப் பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். மாங்கனீசு தொட்டியில் கருப்பாகப் படிவதைப் பார்த்தால் குழந்தை இருக்கும் வீட்டில் அலட்சியம் வேண்டாம், மூளை வளர்ச்சியோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகச் சான்றுகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. யுரேனியத்தில் பயம் கதிர்வீச்சு என்று நினைப்பார்கள், உண்மையில் முதலில் அடி வாங்குவது சிறுநீரகம்.

இனி மைத்துனரின் புற்றுநோய்ப் பேச்சு. அவர் அநேகமாகக் குளோரினைத்தான் சொல்கிறார். குளோரின் தானே அந்தச் சிறிய அளவில் பெரிதாக எதுவும் செய்யாது. ஆனால் ஆற்றுநீரில் இருக்கும் இலைதழை மக்கின பொருளோடு சேர்ந்தால் ட்ரைஹாலோமீத்தேன் என்ற துணைப்பொருட்கள் உண்டாகும், குளோரோஃபார்மும் அதில் ஒன்று. ராட்டர்டாம் நகரக் குடிநீரில் யோஹானஸ் ரூக் என்ற வேதியியலாளர் இதை 1974-இல் காட்டினார். பல பத்தாண்டுகள் அதிக அளவில் வெளிப்பட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. ஆகவே அவர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்: 2000-ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் கனமழையில் மாட்டுச்சாணம் கிணற்றில் கலந்தது, குளோரின் போதுமான அளவு போடவில்லை, ஏழு பேர் செத்தார்கள், சுமார் 2,300 பேர் படுக்கையில் விழுந்தார்கள். ஐம்பது வருடத்தில் வரக்கூடிய ஒரு சிறு கூடுதல் அபாயத்துக்குப் பயந்து, ஒரே வாரத்தில் கொல்லும் ஆபத்தை வீட்டுக்குள் விடக்கூடாது என்பதுதான் என் உறுதியான எண்ணம். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்றால் ஒரு கார்பன் ஃபில்டர் போதும், இந்தத் துணைப்பொருட்களையும் அதுவே பெருமளவு எடுத்துவிடும். இவை ஆவியாகும் வகை என்பதால் மூடிய குளியலறையில் சுடுநீரில் நெடுநேரம் குளித்தால் மூச்சு வழியாகவும் போகும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஈயமும் ஆர்செனிக்கும் அப்படியில்லை, தோல் வழியாக மிக மிகக் குறைவு, குளிப்பதற்கும் துவைப்பதற்கும் பயப்பட வேண்டியதில்லை.

புதிதாகப் பேசப்படும் பிஃபாஸ் பற்றியும் கேட்பீர்கள். ஒட்டாத பாத்திரப் பூச்சு, நீர் ஒட்டாத துணி, தீயணைப்பு நுரை இவற்றில் பயன்படும் ஆயிரக்கணக்கான சேர்மங்களின் குடும்பம் அது. கார்பன்-ஃபுளோரின் பிணைப்பு இயற்கையில் அநேகமாக உடையவே உடையாது. இவற்றில் முக்கியமான சில, உடம்பில் ஏறினால் பாதியாகக் குறையவே சில வருடம் பிடிக்கும். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு ஆலையைச் சுற்றி வாழ்ந்த சுமார் 69,000 பேரை ஆராய்ந்த அறிவியல் குழு, பிஎஃப்ஓஏ என்ற சேர்மத்துக்கும் சிறுநீரகப் புற்றுநோய், விதைப்புற்றுநோய், தைராய்டு நோய், அதிகக் கொலஸ்டிரால் உட்பட ஆறு நோய்களுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012-இல் முடித்தது. 2024-இல் அமெரிக்கா இதற்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். முன்பு சொன்ன அந்த அரை அரிசி எடையை ஒரு ஒலிம்பிக் நீச்சல்குளம் முழுக்கக் கரைத்தால் வரும் அளவு. விமான நிலையம், தீயணைப்புப் பயிற்சி மைதானம், இரசாயன ஆலை இவற்றுக்குப் பக்கத்து நிலத்தடி நீர் என்றால் மட்டும் இதைச் சோதிக்க மெனக்கெடுங்கள். மற்றவர்கள் ஈயத்தையும் நைட்ரேட்டையும் பார்த்த பிறகு இதற்கு வரலாம்.

மெஷின் வாங்குவதா என்பதற்கு இப்போதுதான் பதில் சொல்ல முடியும், ஏனென்றால் எல்லாவற்றையும் எடுக்கிற ஃபில்டர் என்று ஒன்று கிடையாது. கார்பன், குளோரினையும் அதன் துணைப்பொருட்களையும் பூச்சிமருந்துகளையும் ஓரளவு பிஃபாஸையும் பிடிக்கும், நைட்ரேட்டையும் ஃபுளோரைடையும் தொடாது. ஈயத்தை எடுக்கும் என்று தனியாகச் சான்று பெற்ற கார்பன் கட்டிகள் உண்டு, சாதாரண கார்பனை நம்பி அதை விட்டுவிடாதீர்கள். யுவி, அதாவது புற ஊதா விளக்கு கிருமியைக் கொல்லும், இரசாயனத்தில் அதற்கு வேலையே இல்லை. கடின நீரை மென்மையாக்கும் கருவி சோப்பு நுரை வருவதற்கு. ஆர்ஓ, அதாவது தண்ணீரை அழுத்தத்தோடு ஒரு நுண்ணிய சவ்வு வழியாகத் தள்ளி வடிகட்டும் மெஷின்தான் பரவலாக வேலை செய்வது, ஈயம், நைட்ரேட், ஃபுளோரைடு, பிஃபாஸ் எல்லாவற்றையும் பெருமளவு குறைக்கும். ஆர்செனிக்கில் மட்டும் ஒரு சிக்கல்: நிலத்தடி நீரில் அது மின்னேற்றம் இல்லாத வடிவத்தில் இருந்தால் சவ்வு வழியாக நழுவிவிடும், முதலில் குளோரின் மாதிரி ஏதாவது ஒன்றால் ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டு அனுப்ப வேண்டும். அப்புறம் ஒரு விஷயம், பலர் கவனிப்பதில்லை: உப்பு நீங்கிய ஆர்ஓ தண்ணீர் உலோகத்தை அதிகம் அரிக்கும், அதைப் பித்தளைக் குழாய் வழியாகப் பிடித்தால் எடுத்த ஈயத்தைத் திரும்பச் சேர்த்த கணக்காகிவிடும். எந்த ஃபில்டரானாலும் கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டிய காலம் தாண்டினால் அது பிடித்துவைத்ததையே சில சமயம் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும்.

ஆகவே வாங்குவதற்கு முன்னால் பரிசோதனை. கிணற்று நீர் என்றால் நைட்ரேட், ஆர்செனிக், ஃபுளோரைடு, மாங்கனீசு கேளுங்கள், யுரேனியத்தையும் சேர்க்க முடிந்தால் நல்லது. எந்தத் தண்ணீரானாலும் உங்கள் வீட்டுக்கு ஈயம் கட்டாயம். இரண்டு பாட்டில்: ஆறு மணிநேரமாவது யாரும் எந்தக் குழாயையும் திறக்காமல், ஃபிளஷ்கூடச் செய்யாமல் இருந்தபின், சமையலறைக் குளிர்நீர்க் குழாயில் முதல் ஒரு லிட்டர் ஒன்று, ஐந்து நிமிடம் ஓடவிட்டு இன்னொன்று. சல்லடையைக் கழற்றாமலே பிடியுங்கள், நீங்கள் தினமும் குடிப்பது அது வழியாக வருவதைத்தானே. பரிசோதனைக்கூடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று, ஈயத்தை எவ்வளவு குறைவு வரை உங்களால் கண்டறிய முடியும் என்பது. லிட்டருக்கு 1 அல்லது 2 மைக்ரோகிராம் என்றால் சரி. 50 வரைதான் முடியும் என்றால் 'இல்லை' என்று வரும் முடிவுக்கு அர்த்தமே இல்லை. நிறம் மாறும் காகிதப்பட்டைகள் இதற்குப் போதாது. தண்ணீர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் குழாயைச் சாவியால் லேசாகக் கீறியும் பாருங்கள்: மெத்தென்று கீறுபட்டு உள்ளே வெள்ளி மாதிரி பளபளத்து, காந்தமும் ஒட்டவில்லை என்றால் அது ஈயக்குழாய்.

முடிவு வரும் வரை குழந்தையின் பாலுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம், ஆர்ஓ நீரோ சீல் போட்ட குடிநீரோ எடுத்து, வழக்கம்போலக் கொதிக்க வைத்துக் கலக்குங்கள். தாய்ப்பாலும் கொடுக்க முடிகிறது என்றால் அதைக் கூட்டப் பாருங்கள். சுடுநீர்க் குழாயிலிருந்து குடிக்கவோ சமைக்கவோ பிடிக்காதீர்கள், சூடு ஈயத்தை அதிகம் கரைக்கும். காலையில் முதல் தண்ணீரைச் செடிக்கோ தரை துடைக்கவோ விட்டுவிட்டு, குழாயில் நன்றாகக் குளிர்ச்சி தெரிந்த பிறகு பிடியுங்கள், சல்லடையை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். முதல் பாட்டிலில் ஈயம் தெரிந்தால் குழந்தைக்கு ஒரு இரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அமெரிக்காவில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் வந்தாலே கவனிக்கத் தொடங்குகிறார்கள். இரண்டு பாட்டிலின் எண்களும், தண்ணீர் கிணறா நிலையமா என்பதும் வந்ததும் இங்கேயே எழுதுங்கள். முதலாவது கூடி இரண்டாவது குறைந்தால் கோளாறு உங்கள் வீட்டுக் குழாய்களில், இரண்டுமே கூடியிருந்தால் தெருவிலிருந்து வரும் இணைப்பைத் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.